கடைசியாகச் சாப்பிடுபவர்

எங்கள் ஆய்வின் முதல் கேள்வித்தாள் எனக்குப் பிடிக்கவே இல்லை. "கடந்த மாதம் உணவின்றி இருந்ததுண்டா?" என்று நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் எவள் ஆமாம் என்பாள்? தோட்ட வேலையை விட்டு வந்து நியாலாஸ் ஊர்ப் பக்கம் மலிவு வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்கள் அவை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ஒருவரின் மனைவி, நான் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். "அதெல்லாம் சாப்பிட்டாச்சு அக்கா. நீங்க சாப்பிட்டீங்களா? தேத்தண்ணி போடவா?"

வீடு தேடி வந்தவரிடம் பசி என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும். எல்லா வீட்டிலும் இதே பதில். அறிக்கை அப்படியே போனால் அரிசி உதவிப் பட்டியலில் அந்தக் குடியிருப்பு இருக்காது.

எங்கள் குழுத் தலைவி தெங்கேராவில், நகரத்தில் வளர்ந்தவர். படிப்பு பெரிது, பேச்சு கொஞ்சம். கேள்வியையே மாற்றிவிட்டார்: "உங்க வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு? நேத்து அவங்க தட்டுல என்ன இருந்துச்சு?"

கடைசியாகச் சாப்பிடுவது நம் பெண்களுக்குப் பெருமை. அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமே இல்லை. லோரிக்காரர் மனைவியும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

"நான்தான் அக்கா, வேற யாரு? பிள்ளைங்களுக்கு முட்டை பொரிச்சேன். அவரு வேலை விட்டு வந்ததும் சோறு போட்டேன். எனக்குச் சட்டியில..." நிறுத்தினாள். "நேத்து சட்டியில ஒண்ணும் இல்லக்கா."

தாளில் 'காலிச் சட்டி' என்று எழுதிக்கொண்டேன்.

அந்த இரண்டு கேள்விகளுக்காகத் தலைவிக்கு விருது கிடைத்தது. புதுமையான அளவீடு என்று மேடையில் ஆங்கிலத்தில் புகழ்ந்தார்கள். திரையில் தெரிந்த வரைபடத்தில் அவளுடைய காலிச் சட்டியும் எங்கோ ஒரு புள்ளியாக இருந்தது. நியாயமான விருதுதான், கை வலிக்கத் தட்டினேன். ஆனாலும் விருந்தில் வைத்த கோழியை நான் தொடவில்லை.

பிறகு அரிசி வந்தது. மூட்டையோடு நான் போனபோது லோரிக்காரர் வீட்டில் இருந்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"எங்களுக்கு எதுக்கு இது? எங்க வீட்டுல யாரும் பட்டினி இல்லையே லா. பிள்ளைங்களோடயே சாப்பிட்டுட்டேன்னுதான் இவ தினமும் சொல்றா."

அவருக்குப் பின்னால் நின்றவள் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையாட்டினாள்.

"இந்த வரிசை வீடு எல்லாத்துக்கும் கொடுக்கறாங்க அண்ணே," என்றேன்.