எங்கள் ஊர் காலில் விழுந்த எல்மர் சார்

எல்மர் சார் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் அவர் மகளிடமிருந்து வாட்ஸ்அப். தூக்கத்திலேயே போய்விட்டாராம். கடைசி வரைக்கும் பழவேற்காட்டில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்... என்ன பதில் போடுவது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யார் அவர் என்று கேட்பவர்களுக்கு... அமெரிக்காக்காரர். ஃபாரஸ்ட் ஆபீசராக இருந்தவர். அவர்கள் மாநிலத்தில் காடு வளர்ப்பதை ஒரு காலேஜ் படிப்பாகவே கொண்டுவந்த முதல் ஆள். பில்டிங் கட்டித் தரும்வரை பொறுமை இல்லாமல், காட்டுக்குள் டென்ட் அடித்து கிளாஸ் எடுத்தவர்.

ரிட்டயர் ஆன பிறகு பழவேற்காடு ஏரியில் அலையாத்தி மரம் நடுவதற்காக, அதன் கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்தார். அவரை ஏற்றிக்கொண்டு சுற்றிய படகு என்னுடையது. என்னுடைய அரைகுறை இங்கிலீஷை நம்பித்தான் ஊரோடு பேசினார், பாவம்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் நேராக டச்சுக் கல்லறைக்குப் போய் வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டை போட்டோ எடுப்பார்கள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே நின்ற வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னாபா, தொரைக்குச் சொந்தக்காரங்க யார்னா இங்க பொதச்சிருக்காங்களா?"

சாரிடம் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கிளையை இப்படிக் கண்டபடி வெட்டியது யார் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்... நான் என்ன செய்தேன் சார்!

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதை ஊர்தான் முறை வைத்துப் பிரிக்கும். பாடு என்போம். மரம் நட சார் காட்டிய சேற்றுத்திட்டு, நல்ல இறால் கிடைக்கும் பாடு.

மரம் வளர்ந்தால் இறால் இன்னும் பெருகும் என்றார். என் நைனாதான் அன்றும் இன்றும் ஊர்த் தலைவர். கூட்டம் போட்டு, அந்த இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார். ஊரும் கொடுத்தது.

செடிகள் இடுப்பு உயரம் வந்தன. அப்புறம் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இருந்த தண்ணீர் வற்றி உப்பு பூத்தது... அத்தனையும் கருகிப் போனது.

அமெரிக்கா திரும்பியிருந்த சார் கேள்விப்பட்டு மறுபடி வந்தார். ஒவ்வொரு செடியின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருக்கிறதா என்று. எதிலும் இல்லை.

அன்றைக்கு ஊர்க் கூட்டத்தில் ஒரே சத்தம். "எங்க பாடு போச்சே, யார் பதில் சொல்றது?"

இங்கே தப்பு செய்தவர் என்ன செய்வார் என்று சார் என்னிடம் கேட்டார். ஊர் காலில் விழுவார், விழுந்து எழுந்தால் அதோடு முடிந்தது, பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்றேன். தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முட்டி தேய்ந்துபோன மனிதர். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எழுந்திருக்க முடியவில்லை. நைனாதான் தூக்கிவிட்டார். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "முடிஞ்சிது. இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

ஊரில் சாவு விழுந்தால் மறுநாள் யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம். படகெல்லாம் கரையில் நிற்கும். அதைக் கேட்கத்தான் நேற்று நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, எல்மர் சார் செத்துட்டாரு. நாளைக்குத் தொழில நிறுத்தச் சொல்லு."

"செடி தொரையா? அடப் பாவமே..." கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "அதுக்கு இன்னாத்துக்குடா தொழில நிறுத்தணும்? அவரு வெளியாளு. அந்த மரமாச்சும் நின்னிருந்தா ஊர்ல வாயத் தொறந்து கேக்கலாம். இப்ப இன்னான்னு போயி சொல்றது?"

"வெளியாள அன்னிக்கி ஏன் நைனா ஊர் கால்ல விழ வுட்ட? நம்ம ஊராளுதான விழணும்?"

நைனா வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பிய்ந்த இடத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

விடியற்காலையில் எல்லாப் படகும் போய்விட்டது. நைனா படகும்தான்.

போகிற போக்கில் ஒருவன் கேட்டான். "இன்னாடா, நீ வர்ல?"

"சாவுடா."

"யாரு வூட்ல?"

அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உங்கள் மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை சார். கரையில் என் படகு ஒன்றுதான் நிற்கிறது.

போய் வாங்க சார்...