கரம்பொன் கலைவீட்டில் அக்கா நீதவானான கதை

கடந்த மாசியில் நான் கரம்பொனுக்குப் போனது அக்காவைக் கொழும்புக்குக் கூட்டிவரத்தான். அக்கா பரமேஸ்வரிக்கு எழுபது வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அத்தான் இறந்தபிறகு இரண்டு வருடங்களாக அங்கே முதியோர் தங்கும் ‘கலைவீட்டில்’ இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று கேட்டதும் லண்டனிலிருக்கும் அவருடைய மகன் அகிலன் பதறிப்போய் என்னை அனுப்பினான். இப்படியோர் இடத்தைத் தேடும் பலர் எனக்கு எழுதிக் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இந்தப் பதிவு. சொந்தக் கதையும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.45க்கு ரயில். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது பன்னிரண்டரை. சாப்பிட்டுவிட்டு 1.20க்கு ஊர்காவற்றுறை பஸ் பிடித்தேன். கரம்பொனுக்கு நூறு ரூபாய், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பண்ணைப் பாலத்தில் யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு பக்கமும் கடல், தடி நட்டுக் கட்டிய மீன்வலைகள், உப்புக் காற்று. சரவணையைக் கடக்கும்போது எங்கள் பழைய வீடு இருந்த ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். யாரோ உயரமாக மதில் கட்டியிருந்தார்கள்.

கலைவீடு, வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பம் திருத்திக் கொடுத்த பெரிய வீடு. அறுபதைத் தாண்டிய பதினொரு பேர் இருக்கிறார்கள். படம் வரைதல், ஆர்மோனியம், களிமண், நாடகம் என்று ஏதாவது ஒன்றில் எல்லோரும் சேரவேண்டும் என்பதுதான் இங்குள்ள ஒரே கட்டாயம். நான் போனபோது முன் மண்டபத்தில் ஒத்திகை. கதிரையில் நிமிர்ந்திருந்து, மையால் கீறிய மீசையுடன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார் ஒரு நீதவான். அது என் அக்கா என்று விளங்கச் சில நொடிகள் பிடித்தன.

“அகிலன் அனுப்பினவனோ?” என்றார் என்னைக் கண்டதும்.

“ஓம் அக்கா. விழுந்திட்டீங்களாம்.”

“விழுந்தனான்தான். கொழும்பிலை விழமாட்டனோ? சனிக்கிழமை நாடகம் கிடக்கு. இப்ப வர ஏலாது, தம்பி.”

நான் வற்புறுத்தவில்லை. காரணம் பழையது. அக்காவுக்குப் பதினேழு வயதில் பள்ளி நாடகமொன்றில் அரசன் வேடம் கிடைத்தது. ஊர்காவற்றுறையில் அவருடைய சிநேகிதி பிலோமினாவின் வீட்டு விறாந்தையில் வீட்டுக்குத் தெரியாமல் ஒத்திகை நடக்கும். பதின்மூன்று வயதான நான் கூடவே போவேன். ஒருநாள் இடையில் சிரித்ததற்காக அக்கா என்னை வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் கோபத்தில் எங்கள் தகப்பனாரிடம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தநாளே ஐயா அக்காவை நாடகத்திலிருந்து நிறுத்திவிட்டார். அரசன் வேடத்தைப் பிலோமினா செய்தார்.

நான் கலைவீட்டுக்குப் போன அன்று பின்னேரம் கிணற்றடியில் அக்காவிடம் அதைச் சொன்னேன். ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது. அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீயோ சொன்னனீ?”

“ஓம்.”

“நான் பிலோமினா எண்டெல்லோ நினைச்சனான். வேசத்துக்காகச் சொல்லிப்போட்டாள் எண்டு. அவளோடை கதைக்கிறதையே விட்டிட்டன்.” பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். இரவுச் சாப்பாட்டில் என் பக்கம் திரும்பவேயில்லை. விருந்தினர் அறையில் படுத்தபடி, காலையில் முதல் பஸ்ஸில் போய்விடலாமா என்று யோசித்தேன்.

விடிய ஆறரைக்கு அக்கா கதவைத் தட்டினார். சேலை மாற்றி வெளிக்கிட்டு நின்றார். “வா. அவள் சுருவிலிலை இருக்கிறாளாம். நீயும் வந்து சொல்லு.”

சுருவில் அங்கிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். ஓட்டோவுக்குப் போகவர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. ஓட்டோக்காரர், “பிலோமினா அக்காவோ? சம்மாட்டியாற்றை மனிசி. வீடு தெரியும், ஏறுங்கோ” என்றார். சம்மாட்டியார் என்றால் வள்ளங்கள் வைத்து மீன்பிடி நடத்துபவர்.

பிலோமினா அக்கா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. அக்காவை அடையாளம் கண்டதும் கை அப்படியே நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்தார்.

“என்ரை கலியாணத்துக்கும் நீர் வரேல்லை, பரமேசு. நான் என்ன பிழை செய்தனான் எண்டு எத்தினை நாள் யோசிச்சிருப்பன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேக்கேல்லை. பிழை என்னிலைதான்” என்றார் அக்கா.

பிலோமினா அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடிக்கும்போது அக்கா சனிக்கிழமை நாடகத்தைப் பற்றிச் சொன்னார். நாங்கள் வெளிக்கிடும்போது பிலோமினா அக்கா, “நாடகம் எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

ரயில் சீட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். அகிலனைத் தொலைபேசியில் அழைத்து, அம்மா வரமாட்டார், குளியலறைக்குக் கைபிடி போடுவிக்கிறேன் என்றேன். கொஞ்சம் சண்டை பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

இனி, விசாரிப்பவர்களுக்கு. தனி அறைக்குச் சாப்பாட்டுடன் மாதம் நாற்பத்தையாயிரம் ரூபாய். கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கத் தனியாக வருகிறது. வைத்தியர் தங்குவதில்லை, ஆஸ்பத்திரி ஓட்டோவில் பத்து நிமிடம். தனிமையை விரும்புபவர்களுக்கு இந்த இடம் சரிவராது, காலை எட்டுக்கே ஆர்மோனியம் தொடங்கிவிடும். சேருமுன் மூன்று நாளாவது தங்கிப் பாருங்கள். ஆளை விட்டுவிட்டு நீங்கள் திரும்பாமல், கூடவே தங்குங்கள். அந்த மூன்று நாளில்தான் என் அக்காவோடு திரும்பவும் பழகிக்கொண்டேன்.

சனிக்கிழமை நாடகம் நாலரைக்கு. பிலோமினா அக்கா பேரனின் மோட்டார் சைக்கிளில் வந்து முன்வரிசையில் இருந்தார். அக்கா ஓரிடத்தில் வசனத்தை மறந்தார். மேசையைத் தட்டிச் சமாளித்தார். முடிந்ததும் மீசையோடேயே இறங்கி நேராக அவரிடம் போய் நின்றார். பிலோமினா அக்கா சேலைத் தலைப்பால் அந்த மீசையைத் துடைக்கத் தொடங்கினார். மை முகமெங்கும் இழுபட்டது.

“அசையாமல் நில்லும்” என்றார்.

அக்கா அசையாமல் நின்றார்.