துவைக்காத வரை எரியாத துணி

திரைச்சீலை ஆலையின் சோதனை அறையில் துணிக்குத் தீ வைப்பதுதான் அவள் வேலை. அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் ‘நெருப்பக்கா’. சம்பளம் வாங்கிக்கொண்டு கொள்ளி வைக்கிறவள் என்று தங்கை புருஷன் கேலி செய்வான்.

பாலைத் திரித்து எடுத்த புரதத்தைக் கரைத்து அந்தத் துணியில் பூசுவார்கள். தீக்குச்சியைக் காட்டினால் புரதம் முந்திக்கொண்டு கருகி, நூலுக்குக் கரிப்போர்வை போர்த்திவிடும். தீ மேலே ஏற வழியில்லாமல் அணைந்துபோகும். குழந்தை குடிக்கிற பாலுக்கு இத்தனை வீரமா என்று அவளுக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமைதான் வினையானது. தங்கை புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவன். படுத்தபடியே சிகரெட் பிடிப்பான். சொன்னால் கேட்கிற ஆளில்லை. அவனைத் தனியே விட்டு வாசலைத் தாண்டத் தங்கைக்குப் பயம். நெருப்பக்கா மிச்சத் துணியில் படுக்கை விரிப்புகள் தைத்துக் கொடுத்து, இனித் தைரியமாக வேலைக்குப் போ என்றாள். தங்கையும் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். ஆளே மாறிப்போனாள்.

இன்று ஆலைக்கு வந்த ஒரு விடுதிக்காரர், துவைத்த பிறகும் தாங்குமா என்று கேட்டார். ஆலையில் இதுவரை மேடைத் திரைகளே செய்திருந்தார்கள். அதையெல்லாம் யார் துவைத்தார்கள்? நெருப்பக்கா ஒரு துண்டைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்துக் குச்சியைக் காட்டினாள். குபுகுபுவென்று பற்றிக்கொண்டது.

படுக்கையில் கிடப்பவனின் விரிப்பைத் தங்கை அன்றாடம் துவைப்பாள். நெருப்பக்கா விடுப்புச் சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினாள்.

அவன் வாயில் சிகரெட்டோடுதான் கிடந்தான். பிடுங்கி அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அவகிட்ட சொல்லாதீங்க அண்ணி. இப்பத்தான் சிரிக்கிறா. நான் இதை விட்டுடறேன்.”

இதே வாயால் எத்தனை முறை விட்டிருக்கிறான்! சொன்னால் தங்கையின் முகம் பழையபடி செத்துப்போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். கடைக் கல்லாவை இனி அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். நெருப்பக்கா கட்டிலிலிருந்து உருவிய விரிப்பை மடியில் வைத்தபடி முழுக்கக் கேட்டாள்.

“இது எரியும்டி. துவைச்சா பூசினதெல்லாம் போயிடுது. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

தங்கை திட்டவில்லை. புருஷனைப் பார்த்தாள். கட்டிலடியில் நசுங்கிக் கிடந்த சிகரெட்டைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்னு நீயே கடைக்குச் சொல்லிடு.”