அட்டையை எடுத்தது யார்

எண்பதுகளின் கடைசியில் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். பகலில் அம்பத்தூரில் லேத் ஓட்டுவேன். பொழுது சாய்ந்தால் வீட்டுத் தோட்டத்தில், நானே செய்த தொலைநோக்கியோடு நிற்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத விண்மீன் திரள்களைப் படம் பிடிப்பதில் அப்படியொரு பித்து.

அது ஓர் ஆள் வேலை இல்லை. கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டியிருப்பேன். வானம் நகர நகர, தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, திருகைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. ஷட்டரைத் திறந்தால் கேமரா அதிரும் என்பதால் லென்ஸில் ஒரு கறுப்பு அட்டையை மாட்டி வைப்பேன். அதிர்வு அடங்கியதும் "எடு" என்பேன். என் மனைவி அட்டையை எடுப்பாள். முடிந்ததும் "மூடு" என்பேன்.

ஒரு மார்கழி மாலை. பூந்தமல்லியில் தன் அம்மாவைப் பார்க்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. கரண்ட் போய்த் தெருவே இருண்டு கிடந்தது. நான் வெகுநாளாகத் தேடிய மங்கலான சுருள் திரள் ஒன்று உச்சிக்கு ஏறியிருந்தது. எல்லாம் தயார் செய்து, கண்ணை வைத்துக் காத்திருந்தேன். கேட் கிறீச்சிட்டது. காலடி வந்து கேமரா பக்கம் நின்றது.

"எடு" என்றேன். அட்டை உரசும் சத்தம்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

பதில் இல்லை. அங்கே ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் மூச்சு கேட்டது. இழுப்பது கேட்டது, விடுவது கேட்கவே இல்லை. அதைக் கவனித்ததும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பினால் படம் போய்விடும். திரும்பவில்லை.

"மூடு" என்றேன். அட்டை லென்ஸில் வந்து உட்கார்ந்தது. ஷட்டரை மூடிவிட்டு நிமிர்ந்தேன். யாரும் இல்லை. உள்ளே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். அங்கும் இல்லை.

வாசலுக்கு வந்தபோது அவள் பையோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். "இன்னாங்க, இருட்டுல நின்னுகினு கீறீங்க? பஸ்ஸே கெடைக்கல. இப்பதான் எறங்கி வரேன்."

"முன்னாடியே வந்து அட்டைய எடுத்தியே?"

"நான் எங்க வந்தேன்?"

இரண்டு பக்கத்து வீடுகளிலும் விசாரித்தோம். யாரும் வந்திருக்கவில்லை. ஃபிலிமைக் கழுவாமல் சில நாள் வைத்திருந்தேன். கழுவியபோது, சுருளின் கைகள் இரண்டும் பிரிந்து தெரிந்தன. என் வாழ்நாளில் நான் பிடித்த நல்ல படம் அதுதான்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். "இத்த ஊட்ல மாட்ட வேணாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "தூக்கியும் போட வேணாம்."

அதன்பிறகு அவள் இல்லாமல் நான் தோட்டத்தில் இறங்கியதில்லை. அட்டையில் கை வைக்கும் முன் அவளாகவே "நான்தான்" என்று சத்தமாகச் சொல்வாள். சொன்ன பிறகும் சில நாள் கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்துவிடுவேன். நட்சத்திரம் கம்பியை விட்டு நழுவி, அந்தப் படம் வீணாகிவிடும். அவள் அட்டையை மறுபடி லென்ஸில் மாட்டுவாள்.