படம் விழாத மூலை

ஞாயிறு காலை டீ ஆறிக்கொண்டிருக்கும். லோர்னா முந்தின நாள் கல்யாணப் படங்களை ஃபோனில் விரலால் பெரிதாக்கிக்கொண்டிருப்பார். மணப்பெண்ணை அவர் பார்ப்பதில்லை. பின்னால் தெரியும் தட்டில் என்ன மிச்சம், எந்த மேசை காலி, குளிர்கோட்டுகள் எந்த நாற்காலியில் குவிந்திருக்கின்றன, அதுதான் வேண்டும். "பொண்ணு அழகுதான், யாரு இல்லேன்னா? அந்த பெரோகிக் கொழுக்கட்டை ஏன் தொடாம கிடக்கு?"

வினிபெக்கில் உக்ரைனியச் சங்கத்தின் விழா மண்டபத்துக்கு அவர் பதினோரு வருடமாக மேலாளர். பொது இடங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும் பல்கலைக்கழக ஆய்வறிக்கைகளைத் தொடர்கதை மாதிரி படிப்பார். அதே பாணியில், விருந்தினர் சமூக வலைத்தளங்களில் போடும் ஒவ்வொரு படமும் மண்டபத்தில் எங்கே எடுத்தது என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் புள்ளி வைப்பார். ஒன்றுகூடத் தப்பாது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் குளிர்காலத்தில், தூணுக்குப் பின்னால் பழைய சோபா கிடந்த மூலை மட்டும் வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்தது. எட்டு மாதத்தில் ஒரு புள்ளி இல்லை. 'யாருக்கும் பயன்படாத இடம்' என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். சங்கத் தலைவர் ஓரஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டார். "அந்த சோபாவைத் தூக்கிக் கடாசு. பூப்போட்ட திரை மாட்டி, படம் எடுக்குற இடமா ஆக்கிடுவோம். ஊரே நம்ம மண்டபத்தைத்தான் போஸ்ட் போடும், பாரு!"

சோபாவைத் தூக்க ஆள் சொல்லியிருந்த சனிக்கிழமை, மதியம் ஒரு ஞானஸ்நான விருந்து. ஃபோனும் அளவுநாடாவுமாகப் போன லோர்னா தூணருகே நின்றுவிட்டார். சோபாவில் மூன்று பெண்கள் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஃபோனை உள்ள வையுங்க," என்றாள் அவர்களில் ஒருத்தி, மரிட்டெஸ், துண்டை இழுத்துவிட்டபடி. "யாரும் படம் எடுக்க மாட்டாங்கன்னுதான் இங்க வர்றோம். போன மாசமும் இங்கதான் உட்கார்ந்தேன். இதையும் விட்டா பாத்ரூம்தான் எங்களுக்கு."

லோர்னாவுக்கு வெட்கமாகப் போயிற்று. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தப்புப் பண்ணியதில்லை.

"சோபா போகாது," என்றார் ஓரஸ்டிடம்.

"நீ குடுத்த கணக்குதானேம்மா?"

"நான் குடுத்ததுதான். படம் போட்டவங்களை எண்ணினேன். வந்தவங்களை எண்ணலை."

"நல்லா எண்ணினே போ! திரை வந்து இறங்கியாச்சே, அதை என் தலையிலயா மாட்டிக்கறது?"

லோர்னா ஏணியை இழுத்து வந்தார். தூணுக்கும் சுவருக்கும் நடுவே திரையை மாட்டினார், பூப்போட்ட பக்கம் சோபாவைப் பார்த்தபடி.