விரலை மோந்து பார்த்த டாக்டர்

என் மகனின் வலது கையைப் பிடித்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் அந்த டாக்டர் மோந்து பார்த்தார். நாகர்கோவிலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, காலை நேரம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தான். “வெறும் வயிறுதானே?” என்று அவர் கேட்டபோது நானும் கணவரும் ஒரே குரலில் ஆமாம் என்று சொல்லியிருந்தோம். அதற்குப் பிறகும் விரலை மோந்து பார்க்கிறாரே, இது என்ன பழக்கமோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “எண்ணெய் மணக்கு. நல்லமிளகும் மணக்கு. பிள்ளைக்கு வடை யாரு குடுத்தா?” என்றார்.

அவர் காது டாக்டர் அல்ல, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான பெண்மணி. காது டாக்டரைத் தேடித்தான் நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஒரு வகுப்பில் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புக்கு வேறு டீச்சர் தேவையில்லை என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட குரலில் கூப்பிட்டும் பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. சேட்டை என்று முதலில் நினைத்தோம். பேச்சும் குழறத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. காதுச் சவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டி நிற்கிறது, சவ்வில் துளை போட்டு அரிசியில் பாதி அளவுக்கு ஒரு குழாய் வைத்தால் சரியாகிவிடும், பத்து நிமிஷ வேலை என்று காது டாக்டர் சொன்னார். சின்ன ஆபரேஷன், சின்ன ஆபரேஷன் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, முடி வெட்டக் கூட்டிப்போகிற மாதிரிதான் அவனை அன்று கூட்டிவந்திருந்தோம்.

வடை கொடுத்தது என் தம்பி. மருமகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று விடிந்ததும் அவனை பைக்கில் வைத்து சுசீந்திரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான். அனுமாருக்குச் சாத்திய மாலையிலிருந்து எடுத்த வடை கிடைத்திருக்கிறது. பிள்ளை முழுசாகத் தின்றிருக்கிறான். விசாரித்தபோது தம்பி கொஞ்சமும் மறைக்கவில்லை. “ஒண்ணும் குடுக்கல்லக்கா, பிரசாதம் மட்டுந்தான் குடுத்தேன். அது சாப்பாட்டுல சேருமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டான். அவனை ஏசவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் விரதம் இருப்பவர்கள்கூடப் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு, விரதம் முறியவில்லை என்றுதான் சொல்வோம். கடவுள் கொடுத்ததை வயிறு கணக்கில் வைக்காது என்பது எங்கள் எண்ணம்.

டாக்டர் ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. இதற்காகவே மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வந்தவர், இரண்டு நாளில் விமானம் ஏற வேண்டும். “ஒரு வடைக்கா டாக்டர் இந்தப் பாடு?” என்றார். டாக்டர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார். “காதுல செய்யது சின்ன வேலைதான். ஆனா நான் பிள்ளைய ஒறக்குகது சின்ன வேலை இல்ல. நமக்கு ஒறக்கத்துல வயித்துல கெடக்கது மேல வந்தா இருமிட்டு எழும்பிருவோம். மருந்துல ஒறங்குக பிள்ளைக்கு இருமத் தெரியாது. வடை நேரா நெஞ்சுக்குள்ள போவும்” என்றார். வெறும் வயிறாக இருந்தாலும், சில பிள்ளைகளுக்கு மயக்கத்தில் தொண்டை இறுக மூடிக்கொள்ளும், சளி இருந்தால் அது கூடும், அப்படி நடந்தால் இன்னின்ன செய்வேன் என்பதையும் சொன்னார். பெரும்பாலும் எதுவும் நடக்காது என்றும் சொன்னார். “இதையெல்லாம் சொல்லிப் பயங்காட்டணுமா?” என்று கணவர் முணுமுணுத்தார். “பயங்காட்டல்ல. உங்க பிள்ளை. தெரிஞ்சுட்டு சம்மதிக்கணும்லா” என்றார் அவர். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. வேலை செய்யத் தயங்குகிற டாக்டர் என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினேன்.

கணவர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் நானும் தம்பியும்தான் போனோம். தம்பி முந்தின நாளிலிருந்தே மருமகனுக்குப் போலீஸ் காவல் போட்டு, தானும் பட்டினி கிடந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் வாடிப்போய் நின்றான். டாக்டர் இந்த முறையும் விரல்களை மோந்து பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னையே உள்ளே தூக்கிவரச் சொன்னார். பிள்ளைக்குச் சொல் விளங்காது என்பதால் கன்னத்தை உப்பி பலூன் ஊதிக் காட்டினார். அவனும் சிரித்துக்கொண்டே முகமூடிக்குள் ஊதினான். ஊதிக்கொண்டிருக்கும்போதே கண்மணிகள் மேலே போயின. தலை என் கையில் சட்டென்று கனத்தது. தூங்குகிற பிள்ளையை ஆயிரம் தடவை தூக்கியிருக்கிறேன், அந்தக் கனம் அதில் ஒன்று அல்ல. நர்ஸ் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவிட்டாள்.

பத்து நிமிஷ வேலை கொஞ்சம் நீண்டது. கதவைத் திறந்துகொண்டு மயக்க டாக்டரே வந்தார். நெற்றியில் வியர்வை. “குழாய் வெச்சாச்சு. பிள்ளை நல்லா இருக்கான். முழிக்க நேரத்துல தொண்டை கொஞ்சம் பூட்டிப் போச்சு, அண்ணைக்குச் சொன்னேன்லா, அது. தாடையைத் தூக்கிப் புடிச்சு ஆக்சிஜன் குடுத்தேன், தொறந்துட்டு. இப்போ நல்லா மூச்சு விடுகான். உள்ள வந்து பாருங்க” என்றார். பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தது என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தேன். டீ குடிக்கக்கூடப் போகாமல், அவன் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு, மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை சிணுங்கி அழும்வரை அந்தக் கை அசையவில்லை. நான் கணக்கு டீச்சர், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வடை கிடந்த போன வாரத்து வயிற்றோடு இன்றைய தொண்டையைச் சேர்த்துப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கும்பிட வேண்டும் என்று தோன்றியது. அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடக் கூச்சமாக இருந்தது.

மகன் இப்போது காலேஜில் படிக்கிறான், என்னைவிட ஒரு தலை உயரம். போன மாதம் அவனோடு வடசேரி சந்தையில் மட்டிப்பழம் வாங்கப் போனபோது அந்த டாக்டரைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், தலை முழுக்க வெள்ளை. மகனை இழுத்து முன்னால் நிறுத்தி, வடை, விமானம், தொண்டை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், மகனின் முகத்தை உற்றுப் பார்த்தார், பிறகு, “ஓர்ம இல்லையே அம்மா. எத்தனையோ பிள்ளைய” என்றார். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லித் தீராத நாள் அது. மகனுக்கும் அதில் எதுவும் நினைவில்லை. முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அன்று எனக்கு நடந்தது அவருக்குத் தினமும் நடந்திருக்கிறது. அத்தனை பிள்ளைகளின் மூச்சையும் கையில் வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை ஒரு விஷயமாக மனசில்கூட வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று அவரையே பார்த்தேன்.

அவர் பழக்குலையின் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஏதோ முணுமுணுத்தார். சந்தை இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“நல்லா கேக்கு டாக்டர், ரெண்டு காதும்” என்றான் என் மகன்.

அவர் திரும்பாமலே தலையாட்டிவிட்டு, ஒரு சீப்பை எடுத்துப் பார்த்தார்.