கம்பனிப் பக்கத்து நாற்காலி

கல்முனையில் கறுப்புக் கோட்டுப் போட்டவனைப் பார்த்து ஊர் பயந்த காலமும் இருந்தது. என் காலத்தில் சட்டத்தரணியான நான்தான் அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்தேன். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் நீதிமன்றம் திறந்திருந்த நாளை விடப் பூட்டிக் கிடந்த நாள் அதிகம். ஹர்த்தால் என்றால் பூட்டு, ஊரடங்கு என்றால் பூட்டு, நீதவான் வரும் பாதை மறிக்கப்பட்டால் அன்றும் பூட்டு. நாவிதன்வெளிப் பக்கத்து வரப்புச் சண்டைகள்தான் எனக்குச் சோறு போட்டன. சண்டை பிடிக்க வயலுக்கே போக முடியாத வருடங்களில் அந்தச் சோறும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் கரையோரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலை வந்தது. அதன் முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர். ஆங்கிலத்தில்தான் கதைப்போம். என்னைக் கூப்பிட்டு, வேலையாட்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஆளணி முகாமையாளர் வேலை தருகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சட்ட அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி! எங்கள் ஊர் வாப்பாமார் தங்கள் குமர்ப்பிள்ளைகளைக் கம்பனிக்கு அனுப்ப மறுத்தார்கள். அவர்கள் நம்பக்கூடிய உள்ளூர் முகம் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கதைத்தேன். அடுத்த கிழமையே பிள்ளைகள் பஸ் நிறைய வந்தார்கள்.

"ஆளணி" என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தொழிற்சாலைக்குள்ளும் நான் "லோயர் சேர்"தான். வயதானவர்கள் இன்னும் வக்கீலுக்கு உள்ள பழைய பெயரால் "பிரக்கிராசி" என்றார்கள். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அங்கே ஷேர்ட்டுக்குக் கொலர் தைக்கும் ஒரு பெண் இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், கெட்டிக்காரி. அவள் ஒரு நாள் வராவிட்டால் முழு லைனும் மூச்சு வாங்கும். அவளுடைய புருசன் வாடகைக்கு உழவு இயந்திரம் ஓட்டியவன். வெள்ளாண்மை வெட்டும் காலத்தில் வாய்க்கால் கரையில் அது புரண்டு, அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டான். ஜனாஸாவுக்கு நானும் போயிருந்தேன்.

மறுநாள் முகாமையாளர், "எப்போது திரும்பி வருவாள்?" என்று கேட்டார்.

"நான்கு மாதமும் பத்து நாளும் செல்லும்" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இத்தா என்பது என்னவென்று விளக்கினேன். புருசனை இழந்த பெண் அவ்வளவு காலமும் வீட்டுக்குள் இருப்பாள், அந்நிய ஆண்கள் முகம் பார்ப்பதில்லை, அலங்காரம் இல்லை, வெளியே போவதில்லை என்றேன். மனிதர் நல்லவர்தான், பொய் சொல்லக்கூடாது. "உங்கள் மார்க்கம் அவளை வரவிடாது என்றால் நான் தலைமை அலுவலகத்துக்கு அப்படியே சொல்கிறேன், வேலை இருக்கும்" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவளுடைய வேலை பத்திரமாக இருந்தது. ஆனால் லோயர் புத்தி சும்மா கிடக்குமா? அவளுக்கு வாப்பாவும் இல்லை, கூடப்பிறந்த காக்காமாரும் இல்லை. உம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் அத்தனை காலம் என்ன செய்வாள் என்று எனக்குக் கவலை. நல்ல எண்ணம்தான், வல்லாஹி. வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்க மௌலவி ஒருவரைத் தேடிப் போனேன்.

அவர் மார்க்கக் கிதாபை எடுத்துப் பார்க்கவே இல்லை. "வயித்துப் பாட்டுக்கு வேற வழி இல்லாட்டி பகல்ல போய் வரலாம், தம்பி. பொழுதுபடுறதுக்குள்ள ஊட்டுக்கு வந்திரணும். ஆனா அது அவட விருப்பம். நீங்களோ நானோ இழுத்துக்குப் போற விசயமில்ல."

வழக்கொன்று வென்றது மாதிரி எனக்குச் சந்தோசம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தொழிற்சாலைக்குப் போய், "பகலில் வேலைக்கு வரலாமாம்!" என்று முகாமையாளரிடம் சொன்னேன். மௌலவி சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். விருப்பம் என்ற மிச்சப் பாதி அந்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டது இன்னொருத்தி.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவே சீலை கட்டி மறைத்திருந்தார்கள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நடுவில் உம்மா, இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி. மௌலவி சொன்னதைச் சொன்னேன்.  பிறகு சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் வரல்ல, சேர்."

"ஏன் புள்ள? மார்க்கத்தில இடம் இரிக்கி எண்டுதானே சொல்லுறன்?"

"இடம் இரிக்கும், சேர். கலியாணம் முடிச்ச நாளிலரிந்து எனக்கு ஒரு நாள் சும்மா குந்த நேரம் கிடைக்கல்ல. புள்ளையப் பெத்தன், மெஷினுக்குப் போனன். அந்த மனிசன் போய்ச்சேர்ந்திட்டார். அவருக்காக அழுறதுக்கு அல்லாஹ் தந்த நேரம் இது. இதையும் கொலருக்கு ஏன் குடுக்க?"

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசி பட்டினி எண்டாலும் நாங்க பாத்துக்குவம், மகன்" என்றார். பக்கத்து வீடெல்லாம் ராத்தா, சாச்சி என்று சொந்தம்தான். ஒரு நேரமாவது சோறு வரும். அது எனக்கு ஏன் உறைக்கவில்லை? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் அல்லவா ஓடினேன்.

அவள் வரவில்லை என்று சொன்னபோது முகாமையாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். "உங்கள் மௌலவியே வரலாம் என்று சொன்னதாக நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் அவளை யாரும் தடுக்கவில்லை. வரமாட்டேன் என்கிறாள். இரண்டும் ஒன்றா?"

எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன். விருப்பம் என்ற மிச்சப் பாதியை அப்போதுதான் சொன்னேன், அது நான் பிறகு கட்டிய கதையாகப் பட்டது அவருக்கு. கொழும்பிலிருந்து முடிவு வந்தது: வேலைக்கு வர மறுத்தவள், தானாகவே பதவியை விட்டு விலகினவளாகக் கருதப்படுவாள்.

இத்தா முடித்துக் குளித்து வெளியே இறங்கியதும் அவள் உம்மாவோடு முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். வேலை போன செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. என் மனைவி பாய் விரித்து இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

"சேர், கம்பனிக்கு எதிரா ஒரு கேஸ் போடணும். நீங்கதானே லோயர், போட்டுத் தாங்க" என்றாள்.

"நான் வர ஏலா, புள்ள. வந்தா கம்பனிப் பக்கம்தான் இரிக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். "போங்க சேர், பகிடி விடாதீங்க."

பகிடி இல்லை என்று இரண்டு முறை சொல்லித்தான் விளங்க வைத்தேன். சிரிப்பு அடங்கி அவள் தலை குனிந்த விதம் இருக்கிறதே, அதை நான் சொல்லப் போவதில்லை. வேலையை விட்டுவிட்டு அவளுக்காக நிற்கலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். கம்பனியின் உள்விடயம் தெரிந்தவன் எதிர்ப்பக்கம் நின்று வாதாடுவது ஒழுங்கில்லை என்று சட்டம் சொல்லியது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

கல்முனையில் எனக்கு இளையவரான ஒரு சட்டத்தரணியிடம் அவளை அனுப்பி வைத்தேன். காணி வழக்கில் புலி. தொழில் வழக்கு அவருக்குப் புதிது. தொழில் நியாய சபையில் கம்பனிப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன், எதிர்ப் பக்கத்தில் அவளும் உம்மாவும். கம்பனியின் சட்டத்தரணி என்னைச் சாட்சியாக ஏற்றி, "மார்க்க ரீதியாக அவர் வேலைக்கு வரத் தடை இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். சத்தியம் செய்தவன் வேறென்ன சொல்ல?

இளையவர் குறுக்கு விசாரணைக்கு எழும்பினார். ஒரே ஒரு கேள்வி போதும். "வரலாம் என்றால் வரத்தான் வேண்டும் என்று அர்த்தமா? மௌலவி அதோடு வேறேதும் சொன்னாரா?" இதைக் கேட்டுவிடு, கேட்டுவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. கேட்டால் முழுதையும் சொல்லியிருப்பேன். மனிதர் அவளுடைய வேலைத் திறமையைப் பற்றியும் பிள்ளைகளின் வயதைப் பற்றியும் கேட்டுவிட்டு இருந்துவிட்டார்.

தீர்ப்பு கம்பனிக்குச் சாதகமாக வந்தது. வெளியே வந்ததும் முகாமையாளர் என் தோளில் தட்டினார். அவள் உம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மட்டும் கிட்ட வந்து ஸலாம் சொன்னாள்.

"மேல அப்பீல் பண்ணலாம், புள்ள. நான் ஆள் பாத்துத் தாறன்" என்றேன்.

"இனி ஏலா, சேர். அலைஞ்சது போதும்." போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்டு கேக்கவா? நீங்க எங்கட பக்கம் நிண்டிருந்தா கேஸ வெண்டிருப்பம் என்ன?"

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பத்து வருடம் அதுதானே என் தொழில்.

"ஓம் புள்ள," என்றேன். "வெண்டிருப்பம்."